பெயின்ட் உரிக்கும் மெஷின்

ஆபீஸ் போனில் மகள் அனு அழுதாள். "அப்பா, நீங்க வெச்சிருந்த ஹேர் டிரையர்ல காய வெச்சேன். முடியெல்லாம் உருகிப் போச்சுப்பா!"

நரசிம்மனுக்கு உயிரே போய்விட்டது. பழைய கதவில் அனல் காற்றை ஊதிப் பெயின்ட் உரித்த ஹீட் கன்னைக் கட்டில்மேல் விட்டுவந்தது அவர்தான்.

"ஐயோ, அது ஹேர் டிரையர் இல்லம்மா! தலையில தண்ணி ஊத்து! அம்மாகிட்ட குடு!"

மனைவி சியாமளா வாங்கினாள். "தலைக்கு எதுக்குங்க தண்ணி? சாயங்காலம் டான்ஸுக்குக் கட்டிக்க, அலசின சவுரியைக் கொடியில போட்டுக் காய வெச்சா. நைலானாச்சே, உருகி ஒட்டிக்கிச்சு."

"சவுரியா!" நாற்காலியில் சரிந்தார்.

"ஆமா. அது காஞ்சதும் தலைமுடியைக் காய வெக்கிறதா இருந்தா."

நரசிம்மன் துள்ளி எழுந்தார். "முதல்ல பிளக்கைப் புடுங்கு. வேற சவுரி வாங்கியாறேன். உருகினதை மட்டும் தூக்கிப் போட்டுடாத சியாமளா, சாமி ரூம்ல வை!"