ரிப்பேரான மழை

"ஏம்மா கலை, மழை ரிப்பேர் ஆயிடுச்சாமே?"

மாரியம்மாள் ஜன்னல் வழியாகக் கிசுகிசுத்தாள். முழங்கால் வரை அவளுக்கு உப்பு பூத்திருந்தது. உள்ளே உப்பள ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கலைமதி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாக்கா! முதலாளி மோட்டார் கிட்டதான் நிக்கிறாரு."

"நாளைக்கு மத்தியானம் பிரம்மதேசத்துல எம் பொண்ணு வைஜெயந்திக்கு வளைகாப்பு. எத்தினி கோயில் சுத்தி, எவ்ளோ வருசம் கழிச்சி நின்ன வயிறு தெரியுமா? பெத்தவ நானே போவலன்னா எப்படி?"

"லீவு கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'சீசன்ல ஒருத்திக்குக் குடுத்தா பக்கத்து அளத்துக்காரன்லாம் என் சட்டையைப் புடிப்பான். மழை வந்தாதான் லீவு'ன்னுட்டாரு."

அது அக்கம்பக்கத்து உப்பள முதலாளிகள் கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு. மழை அறிவிப்பு வந்தால் மட்டும், விளைந்த உப்பை வாரிக் குவித்து, பனையோலை போட்டு மூடியதும் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். முதலாளி சிவஞானம் தினமும் காலையில் கம்ப்யூட்டரில் வானிலைப் பக்கத்தைத் திறந்து, வாசலில் கூடியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார். அவர் படித்ததுதான் அன்றைய வானம்.

அந்த வானத்தில்தான் கலைமதி போன வருடம் கை வைத்தாள். விளம்பரங்களை வடிகட்ட, இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு புரோகிராமை இறக்கிப் போட்டிருந்தாள். இணையத்துக்கும் திரைக்கும் நடுவில் நின்று, வேண்டாததை எடுத்துவிடும். சொல்லிக் கொடுத்தால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தும் அனுப்பும். வெயிலுக்குப் பதில் மழை, சூரியன் படத்துக்குப் பதில் கருமேகம் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். மேஸ்திரி ஆண்ட்ரூஸின் மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று நல்ல மழை. உப்பு வாரும் சுலோசனா வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று அதைவிடக் கனமழை. இரண்டு நாளும் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு முறையும் கலைமதி ஆபீஸ் பிள்ளையார் படத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் புரோகிராமை எழுதினவரு அதைக் கைவிட்டுட்டாருக்கா. வானிலைப் பக்கத்தைப் புதுசா மாத்திட்டாங்க. பழசால அதுக்குள்ள நுழைய முடியல."

மாரியம்மாளின் கண் கலங்கிவிட்டது. "அப்ப அவ்ளோதானா?"

"இருங்க. பழசு மேல பிரியம் வெச்சிருந்தவங்க சில பேரு சேந்து, அதே மாதிரி புதுசு ஒண்ணு எழுதியிருக்காங்க. யார் வேணா எடுத்துக்கலாம், திருத்திக்கலாம்னு திறந்தே வெச்சிருக்காங்க."

"துட்டு?"

"ஒண்ணும் வாணாமாம்."

"முன்னப் பின்ன தெரியாத நமக்கா? அவங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கட்டும்!" என்று மாரியம்மாள் ஜன்னலைப் பார்த்தே கும்பிட்டாள்.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு கலைமதி புதியதை இறக்கினாள். பழைய மழையை அப்படியே அதில் எழுதி வைத்து, பொருத்தச் சொல்லிப் பொத்தானை அழுத்திய நேரத்தில் கரண்ட் போய்விட்டது. வெகுநேரம் காத்திருந்தும் வரவில்லை. வேலை செய்யுமோ செய்யாதோ, பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் அவள் ஓட்டமும் நடையுமாக வந்தபோது, சிவஞானம் ஏற்கெனவே கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. வாசலில் மாரியம்மாள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

சிவஞானம் தொண்டையைக் கனைத்தார். "மரக்காணம் சுத்துவட்டாரத்துல... மதியத்துக்கு மேல... இடியோட கனமழை!"

"வானம் பளிச்சுன்னு இருக்குதே முதலாளி?" என்றார் மேஸ்திரி ஆண்ட்ரூஸ், அவசரத்தில் வாய்தவறி.

"ஏம்பா, கம்ப்யூட்டரை விட உனக்குத் தெரியுமா? போய் ஓலையை எடுக்கச் சொல்லு!" அதட்டியவர், சட்டென்று சுவிட்சை அணைத்தார். "கலை, இன்னிக்கு இதைத் தொடாத. இடி உள்ள எறங்கிடும்."

மாரியம்மாள் கலைமதியைப் பார்த்த பார்வையில், அந்த முகம் தெரியாத புரோகிராம்காரர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு இருந்தது.

மத்தியானம் பிரம்மதேசத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வைஜெயந்தியின் கைகள் வளையல்களால் நிறைந்துகொண்டிருந்தபோது, ஒரு தட்டில் பூவும் பழமும், அக்குளில் பெரிய கறுப்புக் குடையுமாகச் சிவஞானம் வந்து நின்றார்.

"வெளியில மழை பலமோ முதலாளி?" சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"வந்துகிட்டே இருக்குது," என்றார் சிவஞானம், வேர்வையைத் துடைத்தபடி.

பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், எவ்வளவு நம்புகிறார்! நல்லதுக்கே என்றாலும் இப்படி ஒரு மனிதரை ஏமாற்றுவது தர்மமா? காலையில் முதல் வேலையாக அந்த மழையை அழித்துவிடவேண்டும் என்று முடிவுசெய்தாள்.

விடிந்ததும் முதல் ஆளாக வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. 'புரோகிராம் பொருத்துவது பாதியில் நின்றுவிட்டது. தொடரலாமா?'

கலைமதி அதை இன்னொரு முறை படித்தாள். அப்படியானால் நேற்று புதியது ஓடவே இல்லையா?

"தொடரட்டும்மா, சீக்கிரம் ஓட்டிவிடு." பின்னால் சிவஞானத்தின் குரல் கேட்டது. "கண்ணு முன்னாடி முழுச் சூரியனை வெச்சிக்கிட்டு மழைன்னு படிக்கிறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"