பெல்ட் மிஷினுக்கு ஒரு ரம்மி

"அறுவடை மிஷினுக்கா சீட்டாடுறீங்க? நல்லாவா இருக்கு?" என்று கேட்டார் மிஷினோடு வந்த வெளியூர் டிரைவர்.

"குலுக்கிப் போட்டா திருட்டுங்கிறாங்க. பேசி முடிக்கலாம்னா அடிதடி. ரம்மியில தோத்தவன் மட்டும்தான் வாயைத் திறக்க மாட்டான்," என்றார் பாயிண்ட் எழுதும் துரைக்கண்ணு.

ஊருக்கு வந்திருப்பது ஒரே ஒரு பெல்ட் மிஷின். ஜெயித்தவர் வயலில்தான் முதலில் இறங்கும். சாயங்காலம் மழை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள்.

ஒன்பது பேர் உட்கார்ந்ததில் மிஞ்சியது இரண்டு பேர். ஐந்து ஏக்கர்க்காரர் வைத்தியலிங்கம். இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தர்மாம்பாள். அவள் நெல் போன மழையிலேயே சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை விழுந்தால் முளைத்துவிடும்.

"பாவம், விட்டுக் கொடுத்துடேன் வைத்தி," என்றது ஒரு குரல்.

தர்மாம்பாள் சீறினாள். "யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம். சீட்டைப் போடுங்க."

வைத்தியலிங்கம் கோபக்காரர். போன வருஷம் தோற்றதும் சீட்டுக்கட்டை வாய்க்காலில் எறிந்தவர். இன்றைக்கு மூச்சு விடவில்லை. கை சரியில்லை என்றால் இருபது பாயிண்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கினார்.

"அண்ணன் பிரஷர் மாத்திரை போட்டுட்டு வந்திருக்காரு," என்றான் முன்பே தோற்று வெளியே நின்ற செந்தில்குமார்.

"மாத்திரை இல்லப்பா, என்மேல பயம்," என்றாள் தர்மாம்பாள்.

கூட்டம் சிரித்தது. அவர் காதைச் சொறிந்துகொண்டார்.

கடைசி ஆட்டம். அவள் தொண்ணூற்றேழு, அவர் தொண்ணூற்று நான்கு. நூற்றொன்றைத் தொட்டவர் அவுட். ஆடுபவர் முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதால் எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

ஆறு சுற்று வரை வைத்தியலிங்கம் யோசித்து யோசித்து ஆடினார். ஏழாவதிலிருந்து, எடுத்த சீட்டை அப்படியே திரும்பப் போட்டார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ஒண்ணும் சேரலையா அண்ணே?"

"வரணுமேம்மா."

பதினோராவது சுற்றில் தர்மாம்பாள் பதிமூன்று சீட்டையும் சேர்த்து விரித்தாள். விசில் பறந்தது.

வைத்தியலிங்கம் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "எண்ண வேணாம் துரை. ஃபுல் எண்பதையும் ஏத்திக்க."

"அடுத்த வருஷமாவது ஆடக் கத்துக்கிட்டு வாங்கண்ணே," என்றாள் தர்மாம்பாள்.

"கத்துக்கிட்டாப் போச்சு."

தர்மாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷினுக்கு முன்னால் ஓடினாள். கூட்டமும் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் போனது. எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தபடி வைத்தியலிங்கமும் போனார்.

கட்டைச் சேர்க்க உட்கார்ந்த துரைக்கண்ணு, கவிழ்ந்து கிடந்த சீட்டுகளைத் திருப்பினார். இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

பதிமூன்றும் வரிசையாகச் சேர்ந்திருந்தன. அவற்றைக் கட்டோடு கலந்து நன்றாகக் கலைத்துவிட்டு, வைத்தியலிங்கம் பெயருக்கு நேரே எண்பது என்று எழுதினார்.