திரைக்கு இந்தப் பக்கம்

டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக்.

கரைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த ஓவர்சியரம்மா நின்று காது கொடுத்தார். காலை எட்டரைக்கு ஓடையில் கேட்க வேண்டியது மண் வெட்டும் மெஷின் சத்தம். கேட்பதோ, வாளிக்குள் ஏதோ விழும் சத்தம். இன்றோடு மூன்றாவது நாள்.

மழைக்கு இன்னும் பத்து நாள்தான். எந்தக் காலத்திலோ யாரோ நேராக வெட்டிவிட்ட ஓடையை அதற்குள் பழைய வளைவுகளுக்குத் திருப்பியாக வேண்டும். மெஷின் ஆபரேட்டரோ தினமும் ஒரு மணி நேரம் சிப்பி பொறுக்குகிறார், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறார் என்று மேஸ்திரி ஓதிக்கொண்டே இருந்தார். வேறு ஆளை அனுப்பச் சொல்லும் கடிதம் ஓவர்சியரம்மாவின் கைப்பையில் தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

போன் அடித்தது. வீட்டில் வேலை பார்க்கும் பெயின்டர். உள் ரூம் சுவரைச் சுரண்ட ஆரம்பிக்கலாமா என்றார்.

"ரூம் வாசல்ல பிளாஸ்டிக் திரையைக் கட்டிட்டு ஆரம்பிங்க. ஹாலுக்குத் தூசி வரக் கூடாது."

பெயின்டர் இன்னும் ஏதோ இழுத்தார். அதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ரெண்டு நாள்தானே என்று ஓவர்சியரம்மா போனை வைத்துவிட்டார்.

ஆபரேட்டர் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார். வாளியில் பாதிக்குச் சிப்பி.

"என்ன அண்ணே, இன்னிக்கும் வீட்ல விருந்தா?"

அவர் நிமிர்ந்து ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சிப்பி என்றாலே தனக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றார். வளைவுக்கு மேலே, மெஷின் போகாத இடத்தில், ஒவ்வொன்றாக மணலில் நட்டுவிட்டு வருகிறாராம்.

ஓவர்சியரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஓடை விஷயத்தில் அவர் ஒன்றும் குறை வைக்கவில்லை. போன வாரமே வலை போட்டு மீன்களைப் பிடித்து மேலே விட்டாயிற்று. கலங்கல் கீழே போகாமல் குறுக்கே மண் தடுப்புத் திரை கட்டியாயிற்று. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக்.

"அதான் திரை கட்டியிருக்கே. அப்புறம் என்ன?"

"திரை கீழ இருக்கறதுகளுக்கு மேடம். இதுங்க திரைக்கு இந்தப் பக்கம்ல மாட்டிக்கிட்டிருக்கு." ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "கலங்கினா மீன் ஓடிடும். இது எங்க ஓடும்? மேல மண்ணு படியப் படிய வாயை இறுக்கி மூடிக்கும். எவ்வளவு நேரம்தான் மூடிக்கிட்டுக் கிடக்கும், சொல்லுங்க."

ஓவர்சியரம்மா அந்தச் சிப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

வேலை போயிற்று என்றுதான் ஆபரேட்டர் நினைத்தார். கடிதம் தயாராக இருப்பதாக மேஸ்திரி சொன்னார் என்றார். இந்த வளைவுக்கு இன்னும் ரெண்டே வாளி, அதை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

"முடிச்சுட்டு மெஷினை எடுங்க அண்ணே. அடுத்த வளைவுக்கு உங்களோட ரெண்டு பேரை இறக்கறேன்."

சொல்லும்போதே பாதிக் கரை ஏறியிருந்தார். பெயின்டரைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. சுரண்டும் சத்தத்தில் கேட்டிருக்காது.

வீட்டு ஹால் பளிச்சென்று இருந்தது. புது சோபாவில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ரூம் வாசலில் திரை கச்சிதமாகத் தொங்கியது. விலக்கினார்.

உள்ளே கட்டிலில், பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுத்திருக்கும் மாமனார். தலைமுடி, புருவம், போர்வை எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை.

"மாமா."

இறுக்கியிருந்த கண் மெல்லத் திறந்தது. அப்புறம் வாய்.

"நீயாம்மா? கண்ணையும் வாயையும் மூடிக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலை."

சோபாவை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, பெயின்டர் ஒரு பக்கம் இவர் ஒரு பக்கமாகக் கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டார்கள். நினைத்த அளவு கனமில்லை.

ஈரத் துணியைப் பிழிந்து புருவத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

"பவுடர் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சோ?" என்றார் மாமனார்.

திரைக்கு அந்தப் பக்கம், சுவரைச் சுரண்டும் சத்தம் மறுபடி கேட்டது.