கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்

கதவுக்கு அந்தப் பக்கம் நித்திலா சிரிக்கிறாள்.

இந்தப் பக்கம் அவள் அம்மா, மடியில் இருந்த கீரைக்கட்டோடு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். மங்கலான கண்ணாடிக் கதவு. முகம் தெரியாது. சொல் பிடிபடாது. குரல் மட்டும் வரும்.

பெற்ற மகளின் குரல். ஏழு வயதுக் குரல். ஐந்து மாதமாக வீட்டில் கேட்காதது.

இது ஒன்பதாவது வியாழன். கோபியில் எட்டேகாலுக்குப் பஸ். ஈரோட்டில் இறங்கினால் ஷேர் ஆட்டோ. பத்து மணிக்கு நித்திலா குழந்தைகள் மனநல டாக்டரிடம் உள்ளே போவாள். பத்தே முக்காலுக்கு இவளையும் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இந்த நாற்காலி.

"பாப்பாவுக்கு வாய் ஓயறதே இல்லீங்க்கா," என்றாள் டோக்கன் கொடுக்கும் செவ்வந்தி. "போன வாரம் டாக்டரையே பேச உடலியாமா."

"அப்படீங்களா."

சிரித்தாள். சிரித்த வாயோடு எழுந்து போய், தண்ணீர் கேனை இப்படியா திறந்து போடுவது, நாலு பேர் குடிக்கிற தண்ணீர் இல்லையா என்று செவ்வந்தியிடம் சத்தம் போட்டாள்.

செவ்வந்தி கேனைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் டாக்டருக்கு அவள் எதுவும் கொண்டுவரவில்லை. நித்திலா உள்ளே வாய் திறந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் எலுமிச்சம்பழம். நான்காம் வாரம் நிலக்கடலை, வறுத்து, தோல் புடைத்து. வயிறு எரிய எரியக் கை நிறையக் கொண்டுவந்தாள். இன்றைக்கு முருங்கைக்கீரை. பஸ்ஸில் வாடிவிடக் கூடாதென்று ஈரத்துணியில் சுற்றியிருந்தாள். அந்த மாதிரி ஒரு தங்கமான மனுஷி உண்டா என்று ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் கேட்காதபோதும் சொன்னாள்.

போன மாதம் டாக்டர் கட்டுவதைப் போலவே ஒரு நீலக் காட்டன் சேலை எடுத்தாள்.

"புருசன் போயி அஞ்சு மாசம் ஆகல, புதுச்சேலை கேக்குதா," என்றார் மாமியார்.

காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிக்கொண்டு போய் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் உட்காருவதைப் போலவே, ஒரு காலை மடக்கி.

நித்திலா சேலையைப் பார்த்தாள். கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் வீட்டில் பேசாததற்குக் காரணத்தை டாக்டர் சொல்லாமல் இல்லை. ஐந்தாம் வாரமே உட்காரவைத்துச் சொன்னார். விபத்து நடந்த அன்றைக்கு நித்திலாதான் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். கலர் பென்சில் வேணும், சீக்கிரமா வாங்க என்றிருக்கிறாள். சீக்கிரமாக வண்டியை ஓட்டியவர் வீடு வந்து சேரவில்லை. தான் பேசினதால்தான் அப்பா போனார் என்று பிள்ளை மனசு முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"உங்ககிட்டப் பேசினா நீங்களும் போயிடுவீங்கன்னு பயப்படறாம்மா. என்கிட்ட அந்தப் பயம் கிடையாது. நான் போனா அவளுக்கு என்ன?"

அவளுக்கு எல்லாம் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பஸ் ஏறி உட்கார்ந்து, ஈரோடு தாண்டுவதற்குள், விளங்கியதெல்லாம் வடிந்து ஒன்றே ஒன்றுதான் அடியில் நின்றது.

டாக்டரிடம் பேசுகிறாள்.

"அக்கா, கூப்படறாங்க."

அவள் கதவைத் தள்ளியதும், குழாயை அடைத்தது போலக் குரல் நின்றது.

தரையில் மணல் தட்டு. சின்னச் சின்ன மரப் பொம்மைகள். நித்திலா டாக்டரின் முழங்காலில் சாய்ந்திருந்தாள். காலையில் இவள் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியது இரட்டைச் சடை. அது அவிழ்ந்து, டாக்டருடையதைப் போலவே ஒற்றையாகத் தோளில் கிடந்தது.

கீரைக்கட்டை மேசையில் வைத்தாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"இருக்கட்டுங்க."

"வீட்ல எப்படி இருக்கா? ஒரு வார்த்தையாவது?"

எட்டு வாரமும் இதே கேள்விதான். எட்டு வாரமும் இல்லையென்று தலையசைத்திருக்கிறாள்.

அந்த ஒற்றைச் சடையையே பார்த்தாள்.

"பேசறாளுங்க," என்றாள். "நல்லாத்தான் பேசறா. நேத்துக்கூடக் கதை கதையா. இனி இத்தன தூரம் வரோணுங்களா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு நித்திலாவிடம் குனிந்தார்.

"அப்படியா கண்ணா? அம்மாகிட்டப் பேசறியா?"

நித்திலா அம்மாவைப் பார்த்தாள்.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். மகளின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"ஆமா. பேசறேன்."

கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் காற்று. முன்பல் விழுந்த பிறகு அந்தக் குரல் எப்படி மாறியிருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

சொன்னது டாக்டரிடம்.

சொன்னது பொய்.

"சரி. வேணும்னா போன் பண்ணுங்கம்மா," என்றார் டாக்டர். அடுத்த வாரத்துக்கு நேரம் எதையும் எழுதவில்லை.

இல்லீங்க டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பிள்ளை சொன்னது பொய்யாகிவிடும்.

"வர்றோமுங்க."

வெளியே, மாடிப்படியின் உச்சியில், நித்திலா தானாகவே வந்து அவள் கையைப் பிடித்தாள். விரல் வலிக்கிற பிடி.

"பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்துக்கறயா கண்ணு?"

மொத்தம் பதினெட்டுப் படி. பதில் வருமா என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்கினாள்.