நாலு மணிச் சிரிப்பு

சரியாக நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். நாலு ஐந்துக்கு மாமியார் சிரிப்பார்.

உதட்டோரச் சிரிப்பு இல்லை. வாய்விட்டு, தோள் குலுங்க. கட்டிய புருஷன் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார், இவருக்கு இப்படி ஒரு சிரிப்பு.

"எதிர் வீட்டுக்குக் கேட்குது. ஜன்னலையாவது சாத்தச் சொல்லுங்க" என்றாள் மருமகள், கணவனிடம்.

ஜன்னலைச் சாத்தக் கூடாது, வீட்டில் காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே தெருவே கேட்டது.

மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கொரோனாக் காய்ச்சல் நாலு நாளாகியும் இறங்காமல், தானே படியிறங்கிப் போய் ஆம்புலன்ஸில் ஏறினார். கூட யாரும் போகக் கூடாது. பிறகு போய்ப் பார்க்கவும் கூடாது. வார்டுக்குள்ளிருந்து ஒரு நர்ஸ் தினம் ஒரு தடவை போன் செய்து நிலைமையைச் சொல்வாள். அவ்வளவுதான்.

முதல் நாள் போனை மாமியார் தனியாக எடுத்தார். மறுநாளிலிருந்து மகன் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டான்.

ஆக்சிஜன் ஓடுகிறது, பெரிய மாற்றம் இல்லை என்று நர்ஸ் ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகுதான் விஷயமே. ஐயா இன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா என்பாள். பக்கத்துக் கட்டில்காரர் விடுகிற குறட்டைக்கு மாஸ்க் போதாது, சைலன்சர்தான் வேண்டும் என்றாராம். இன்னொரு நாள், எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு வருவதால் யார் டாக்டர், யார் தரை துடைக்கிறவர் என்று தெரியாமல், எல்லாருக்கும் கும்பிடு போட்டுக் கை வலிக்கிறது என்றாராம்.

மகனுக்கு ஆச்சரியம். அப்பா வீட்டில் வாயைத் திறந்தால் ஒன்று கணக்கு, இல்லாவிட்டால் குற்றம். சாவைக் கிட்டத்தில் பார்த்தால் எப்பேர்ப்பட்ட மனுஷனும் இளகிவிடுவான் என்று மருமகள் விளக்கம் சொன்னாள். இளகாத மாமியார் ஜென்மம் வீட்டில் உட்கார்ந்து பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் நர்ஸ் சொன்னாள்: "ஐயா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரும்மா. முப்பத்தாறு வருஷமா சொல்லணும்னு இருந்தாராம். நடுவுல வேலை வந்துடுச்சாம்."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமியார் அன்றைக்குத்தான் அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, நானும் நன்றி சொன்னேன்னு சொல்லும்மா, நீ நேரத்துக்குச் சாப்பிடு என்று போனை வைத்தார்.

மருமகளிடம் பொறுமை எப்போதுமே ஸ்டாக் குறைவு. அன்றோடு தீர்ந்துபோனது.

"உங்க அம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

மகனுக்கும் அந்தச் சந்தேகம் வந்து இரண்டு நாளாகியிருந்தது.

எட்டாம் நாள் போன் காலை பத்து மணிக்கே வந்தது. நர்ஸ் இல்லை, ஒரு ஆண் குரல். மாமியார் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மகன் மட்டும் போனான். இருபதடி தள்ளி நிற்க வைத்து, சுருட்டிக் கட்டிய ஒரு பொட்டலத்தைக் காட்டி, அப்பா என்றார்கள். கையெழுத்துப் போடும்போது, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று டாக்டரிடம் கேட்டான். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். வந்த அன்றைக்கு மத்தியானமே நினைவு தப்பிவிட்டது, அதற்குப் பிறகு கண்ணே திறக்கவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டு, ஈரத்தலையோடு லேப்டாப்பைத் திறந்தான். ஆஸ்பத்திரித் தலைமைக்குப் புகார். நினைவில்லாமல் கிடந்த மனுஷன் பேசியதாக ஏழு நாள் கதை விட்டு, ஒரு குடும்பத்தையே முட்டாளாக்கிய நர்ஸைப் பற்றி. மருமகள் பக்கத்தில் நின்று, காரமான வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். அந்த நர்ஸுக்கு வேலை போனால்தான் ஆச்சு என்றாள்.

"அனுப்பாதே" என்றார் மாமியார், வாசற்படியில் நின்று.

"அம்மா, அவ உன்னை ஏமாத்தியிருக்கா."

"என்னையா? உங்கப்பாவாவது, ஜோக் சொல்றதாவது. முதல் நாளே தெரியும்டா."

மருமகள் திரும்பினாள். "தெரிஞ்சேவா சிரிச்சீங்க, அத்தை?"

மாமியார் நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

"முதல் நாள் அந்தப் பொண்ணுக்குக் குரலே வரல. என்னம்மான்னு கேட்டேன். நம்ம வீடு பதினெட்டாவதாம். பதினேழு வீட்டுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லி, பதினேழு வீட்டு அழுகையையும் கேட்டுட்டு வந்திருக்கா. எனக்கும் அதையே சொல்ல அவளுக்குத் தெம்பில்ல. ஐயா தமாஷா பேசறார்னு என்னமோ உளறினா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. சிரிச்சு வச்சேன். அந்தப் பக்கம் அவளுக்கு மூச்சு வந்தது."

மகனின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

"நான் அழுதா துடைச்சுக்கலாம். அவங்க தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரு கவச டிரஸ் மாட்டியிருக்காங்களே, அதை வேலை முடியற வரைக்கும் கழட்டக் கூடாதாம். உள்ளே கண்ணீர் வந்தா, எட்டு மணி நேரமும் துடைக்க வழியில்லையாம்டா."