ஐந்து நிமிட அனுமதி

தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்தான்.

சூப்பர்வைசர் தந்தது ஐந்து நிமிடம். சொந்தப் போனைத் தொழிற்சாலைக்குள்ளே வைத்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம். படம் மட்டும் எடுக்கக் கூடாது. அந்தப் புண்ணியத்தில்தான் தங்கையின் வீடியோ கால் வந்து சேர்ந்தது.

அவள் போனை அப்பாவின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் அப்பா மட்டும். ஆஸ்பத்திரித் தலையணை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்று கதவைச் சாத்திய மனிதர். அவனும் சளைக்கவில்லை. முழிக்காமலே இருந்துவிட்டான்.

நேற்றிலிருந்து அவர் ஒரே பிடியாய் நிற்கிறாராம். அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"அப்பா, நான்தாம்ப்பா. பாருங்க."

அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு கோணியது.

"இன்னும் கோவமாடா? மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறியே."

ஜன்னி கண்டு உளறுகிறார் என்று நினைத்தான். போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். பல் தெரியச் சிரித்துக்கூடக் காட்டினான்.

"கோவமெல்லாம் இல்லப்பா. இதோ, முன்னாடிதானே நிக்கிறேன்."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் திரும்பவேயில்லை.

தங்கை அலறினாள். திரையில் கூரை, மின்விசிறி, யாருடைய கையோ.

சூப்பர்வைசர் தோளைத் தொட்டு, கிளம்பு என்றார்.

கேட் வரை கால்கள் தாமாக நடந்தன. ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். புத்தி தடுமாறி ஏதோ சொன்னார், சொல்லட்டும், பார்த்துவிட்டுத்தான் போனார்.

கேட்டில் காவலாளி கையை நீட்டினார். அவருக்கு விஷயம் தெரியாது.

"என்ன தம்பி, பாதி நாள்லயே கம்பி நீட்டுறே?"

போனை வாங்கி, பின்பக்க கேமராவை மூடியிருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினார். காலையில் உள்ளே விடும்போது அவரே ஒட்டியது.

பிறகு போனைத் திருப்பி, முன்பக்க கேமராவில் இருந்ததையும் எடுத்தார். பொட்டு அளவுதான் இருந்தது.

அதை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பசை போகல. நாளைக்கும் இதையே ஒட்டிக்கலாம்."