பம்பு ஓடுற சத்தம்

பம்பு சத்தம் நின்றதும் கண்மணி அடுப்படியை விட்டு எழுந்தாள்.

"இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று இன்ஜினியர் நேற்றுதான் பம்பு ஓட்டும் அவள் புருஷன் நல்லுசாமியிடம் கத்திவிட்டுப் போனார். நாயுடுபுரத்து மேட்டிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்தத் தண்ணீர்தான். பம்போ வெள்ளைக்காரன் விட்டுப்போன பழசு, குளத்துப் பாசி வந்து குழாயை அடைத்தால் அது என்ன செய்யும்? பாசியிடம் கத்த முடியாதவர் ஆளிடம் கத்தினார்.

சோற்றுத் தூக்கோடு பம்பு ஷெட்டுக்கு ஓடினாள். உள்ளே யாரும் இல்லை. வெளியே ஒரே மூடுபனி, மேலே இருக்கும் குளக்கரைகூடத் தெரியவில்லை.

"ஏங்க!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

சுவிட்ச் கைப்பிடியில் அவன் துண்டு, கிரீஸ் அப்பித் தொங்கியது. இன்ஜினியர் வந்தால் இந்தக் கோலத்திலா நிற்பான்? தூக்கை வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள்.

தண்ணீரில் கை விறைத்தது. துவைக்கத் துவைக்க அழுகையாக வந்தது. வேலை போனால் சொந்த ஊர் கவுஞ்சிக்குத் திரும்பி, யார் காட்டிலோ பூண்டு பிடுங்கத்தான் போகவேண்டும்.

திடீரென்று பம்பு உறுமியது. முதலில், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோலத் திணறியது. பிறகு ஓடத் தொடங்கியது.

"பழனியாண்டவா, அவரு பொழப்பைக் காப்பாத்திட்டே!"

பிழிந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடேறினாள். ஷெட் வாசலில் ராமர் சிரித்தபடி நின்றான். அடுத்த ஷிப்ட்காரன், இன்று வெள்ளனே வந்துவிட்டான்.

"அவரு எங்க ராமரு?"

"வீட்டுக்கு வரலையா மதினி? பாசியை எடுத்துட்டுக் கரையேறிட்டாருன்னுல்ல சுவிட்சைப் போட்டேன்."

"அவரைக் கேக்காமயா?"

"கேக்கவே வேணாம் மதினி. குளத்துல முங்கி, குழாய் வாயில கையை விட்டுத்தான் பாசி எடுக்கணும். அதனால எறங்குமுன்ன துண்டைக் கைப்பிடியில போட்டுருவாரு. துண்டு கெடந்தா சுவிட்சைத் தொடக்கூடாது, எங்களுக்குள்ள அப்பிடி ஒரு பேச்சு."

கக்கத்து ஈரம் அவள் விலாவில் சில்லென்று இறங்கியது. ராமர் கைப்பிடியைக் காட்டினான்.

"பாருங்க, துண்டைக் காணோம்ல?"